நன்னடத்தைக் காலத்தில் என்னிடம் கேட்கப்பட்டவை

உயிரோடு இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுக் காட்டிவிட்டு வர போன மாதம் மதுரைக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்றவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இந்தச் சடங்கு உண்டு. முடிந்ததும், பழைய பழக்கத்தில் கால்கள் நன்னடத்தை அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போயின. வாசல் சுவரில் அச்சடித்த தாள் ஒன்று ஒட்டியிருந்தது. 'அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்' என்று தலைப்பு. நன்னடத்தைக் காலத்தில் வெளியூர் போகலாமா? முகவரி மாறினால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும்? முன்விடுதலை பெற்றவர் நிபந்தனையை மீறினால் என்ன ஆகும்? இப்படிப் பன்னிரண்டு கேள்விகள், பன்னிரண்டு பதில்கள்.

நின்றுகொண்டே முழுவதையும் படித்தேன். பதில்களில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் என் வேலைக்காலம் முழுவதிலும் இந்தப் பன்னிரண்டில் மூன்றோ நான்கோதான் என்னிடம் கேட்கப்பட்டிருக்கும். மக்கள் கேட்டவை வேறு. உள்ளே இருந்த இளம் அலுவலரிடம் இதைச் சொன்னபோது, அந்தப் பெண் நாற்காலியை நகர்த்திப் போட்டு, "அப்ப என்னதான் சார் கேட்டாங்க?" என்றார். எனக்குத் திண்டுக்கல் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஒன்றைச் சொல்லிவிட்டு வந்தேன். மற்றவற்றை இங்கே எழுதுகிறேன்.

நான் வேலையில் சேர்ந்தது ஐம்பதுகளின் நடுவில். சென்னையில் சில மாதம் பயிற்சி கொடுத்தார்கள். சட்டம் படித்தோம், ஒரு சிறையைச் சுற்றிக் காட்டினார்கள், மனித மனத்தைப் பற்றி ஒருவர் ஆங்கிலத்தில் நிறையப் பேசினார். பிறகு திண்டுக்கல்லுக்கு அனுப்பிவிட்டார்கள். கோர்ட்டுக்குப் பின்தெருவில் அரிசிக் கடை ஒன்றின் மாடியில் ஓர் அறை. மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு பெஞ்சு, கீழே என் சைக்கிள். அதுதான் அலுவலகம்.

வேலை இரண்டு வகை. முதன்முறை குற்றம் செய்தவரை ஜெயிலுக்கு அனுப்பலாமா, பிணைப்பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கே அனுப்பலாமா என்று மாஜிஸ்டிரேட் யோசிக்கும்போது, அந்த ஆளின் வீட்டையும் தெருவையும் விசாரித்து அறிக்கை தருவேன். வீட்டுக்கு அனுப்பினால் ஓராண்டோ இரண்டாண்டோ அவரை நான் கண்காணிக்க வேண்டும். இன்னொன்று, ஜெயிலில் நீண்ட தண்டனையில் இருப்பவரைக் காலத்துக்கு முன்பே விடலாமா என்று அரசு கேட்கும்போது ஊருக்குப் போய் விசாரிப்பது. விட்டுவிட்டால், அவரும் என் கண்காணிப்பில் வருவார்.

நான் யார் என்பதுதான் மக்களின் முதல் குழப்பம். போலீஸ் உடுப்பு இல்லை. வக்கீல் கோட்டும் இல்லை. ஆனால் வீட்டுக்குள் வந்து எத்தனை பேர், என்ன வேலை என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன். அந்தக் காலத்தில் வீடு வீடாக வந்து குறிப்பு எழுதியவர்கள் கொசுமருந்து அடிக்கும் மலேரியாக்காரர்கள்தான். திண்டுக்கல் பேகம்பூரில் ஒரு வீட்டம்மா அதைப் பயன்படுத்திக்கொண்டார். அவருடைய மகன் வேலை பார்த்த கடையில் ஒரு கைக்கடிகாரத்தை எடுத்துவிட்டுப் பிடிபட்டவன். கோர்ட் அவனை என் கண்காணிப்பில் விட்டிருந்தது. அந்த அம்மா என்னை வாசலிலேயே நிறுத்தி, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "தம்பி, பக்கத்து வீட்டுல மலேரியாக்காரர்னு சொல்லி வச்சிருக்கேன். உங்களுக்கு அதுல குத்தம் எதுவும் இல்லையே?"

இல்லை என்றேன். அடுத்த மாதம் போனபோது தெருவில் மூன்று பேர் மறித்து, மருந்தடிக்க எப்போது வருவீர்கள் என்று கேட்டார்கள்.

அந்த அம்மாவின் உண்மையான கேள்வி அதற்குப் பிறகு வந்தது. "ஒரு வருசம் முடிஞ்சிருச்சுன்னா இவன் பேரு எந்தப் பொஸ்தகத்துல இருக்கும்? பொண்ணு வீட்டுக்காரவுக போய்ப் பாக்க முடியுமா?" கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

நத்தம் பக்கத்தில் ஒரு பெண். மதுவிலக்குக் காலம் அது. புளியந்தோப்பில் சாராயப் பானையோடு பிடிபட்டவர். பிணைப்பத்திரத்தில் பெருவிரல் ரேகை வைத்துவிட்டு வீடு திரும்பியவர், நான் பார்க்கப் போனபோது அந்த விரலை என் முன்னால் நீட்டினார். "கோர்ட்டுல இத வச்சிட்டேன். இனிமே நெலத்துப் பத்திரத்துல இதே வெரல வச்சா செல்லுமா? இல்ல, கவர்மெண்டு எடுத்துக்கிருச்சா?" நான் சிரிக்கவில்லை. விரல் உங்களுடையதுதான் என்று சொன்னேன். அவர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அவ்வளவு நாள் அதை வைத்து எதையும் தொட யோசித்திருக்கிறார் என்று அப்போது புரிந்தது.

பதில் தெரியாதவற்றைச் சுமந்துகொண்டு மாதம் ஒருமுறை மதுரைக்குப் போவேன். என் மேலதிகாரி அங்கே இருந்தார். என் அறிக்கைகளை ஒவ்வொரு வாக்கியமாக வாய்விட்டுப் படிப்பார். படித்துவிட்டு, "பார்த்ததா, கேட்டதா, நினைத்ததா?" என்பார். ஒருவனைப் பற்றி 'திருந்தி வருகிறான்' என்று எழுதியிருந்தேன்.

"பார்த்தீர்களா?"

"பார்த்தேன், சார்."

"என்ன பார்த்தீர்கள்?"

"காலையில் வேலைக்குப் போகிறான்."

"அப்படியானால் அதை எழுதுங்கள்." நீலப் பென்சில் 'திருந்தி வருகிறான்' மேல் ஒரு கோடு இழுத்துவிடும்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு இருந்தது. கண்காணிப்பில் இருப்பவர் யாராவது அவர் முன்னால் வந்தால், "உட்காருங்கள்" என்பார். அவர்கள் உட்கார மாட்டார்கள். உடனே இவரும் எழுந்துவிடுவார். இருவரும் நின்றபடியே முழு விசாரணையும் நடக்கும். அவர் நிற்கும்போது நாங்கள் உட்கார முடியாது, குமாஸ்தாவும் நிற்பார். இதில் அன்பு என்று எதுவும் தெரியாது. முகம் எப்போதும் கணக்குப் பரீட்சை எழுதுபவர் முகம்தான். ஏன் இப்படிச் செய்கிறார் என்று எனக்கு வெகுநாள் வியப்பு. கேட்கத் துணிச்சல் வரவில்லை.

பேகம்பூர் அம்மாவின் கேள்விக்கு அவர்தான் பதில் சொன்னார். புத்தகம் பூட்டிய பீரோவில் இருக்கும், பெண் வீட்டார் பார்க்க முடியாது, நன்னடத்தையில் விடப்பட்டவனுக்கு அந்தத் தீர்ப்பினால் எந்தத் தகுதிக்குறைவும் வராது என்றார். அந்தப் பையனுக்குப் பிறகு நல்லபடியாக நிக்காஹ் நடந்தது. பிரியாணிக்குப் போயிருந்தேன், மலேரியாக்காரராகவே.

இனி, என்னை அதிகம் யோசிக்க வைத்த கேள்வி.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஜெயிலிலிருந்து ஒரு விசாரணைத் தாள் வந்தது. வெள்ளைச்சாமி என்று ஓர் ஆயுள் கைதி. எரியோட்டுக்கு வடக்கே ஒரு சிற்றூர்க்காரர். சித்தப்பா மகனான இராமசாமியைக் கிணற்றடியில் மண்வெட்டிக் காம்பால் அடித்துக் கொன்றதாகத் தீர்ப்பு. இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான கிணறு. அன்று யாருக்குத் தண்ணீர் முறை என்பதில் வந்த சண்டை. பத்தாண்டு முடித்துவிட்டார், நடத்தை நன்று, விடலாமா என்பது கேள்வி. வீடு உண்டா, வேலை உண்டா, ஊர் என்ன சொல்கிறது என்று நான் எழுத வேண்டும். கடைசி வரியில், 'இறந்தவர் குடும்பத்துக்கு ஆட்சேபணை உண்டா, இல்லையா' என்று இருந்தது. ஒன்றை அடித்துவிட வேண்டும்.

தீர்ப்பைப் படித்துவிட்டுத்தான் போனேன். வெள்ளைச்சாமி கோர்ட்டில் கடைசிவரை தான் கிணற்றுப் பக்கமே போகவில்லை என்று சொல்லியிருந்தார். தூரத்தில் ஆடு மேய்த்த ஒருவர் அவர் ஓடுவதைப் பார்த்திருந்தார். காம்பில் ரத்தம் இருந்தது. அந்தச் சாட்சிகள் போதும் என்று கோர்ட் முடிவு செய்துவிட்டது.

இரண்டு வீடும் ஒரே சுவரைப் பங்குபோட்டு நின்றன. முதலில் வெள்ளைச்சாமியின் மனைவி வீராயியைப் பார்த்தேன். கணவர் வந்தால் வைத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். அதற்குப் பதில் சொல்லாமல், "அங்க என்ன வெஞ்சனம் போடுவாக சார்? பத்து வருசம் அதத் தின்ன நாக்குக்கு எங்க வெஞ்சனம் ஒத்துக்கிருமா?" என்று கேட்டார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் இராமசாமியின் மனைவி பொன்னுத்தாயி. நாற்பதைத் தொட்டிருக்கும். முறத்தை மடியில் வைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். இரண்டு பெண்களும் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை என்று ஊர் மணியக்காரர் சொல்லியிருந்தார்.

வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் உரிப்பதை நிறுத்தவில்லை.

"நான் வேணாம்னா விட மாட்டாகளா?"

"நீங்க சொல்றத அப்படியே எழுதுவேன். முடிவு மேல எடுப்பாங்க."

"அப்ப எழுதிக்கங்க. வரட்டும். அந்த ஆளுட்ட எனக்கு ஒண்ணு கேக்கணும்."

"என்ன கேக்கணும்?"

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "அத உங்கள்ட்டக் கேட்டு என்னத்துக்கு? நீங்களா அங்க இருந்தீக?"

மோர் கொடுத்தார். விசாரிக்கும் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது எங்கள் விதி. குடித்துவிட்டு வந்தேன்.

'உண்டு', 'இல்லை' இரண்டில் எதை அடிப்பது? ஒரு பெண் பத்தாண்டு கழித்துக் கணவனைக் கொன்றவரை வரச்சொல்கிறார் என்றால், அது சம்மதமா, மிரட்டலா? மேலதிகாரியிடம் கேட்டேன். "நினைப்பதை விடுங்கள். இரண்டையும் அடிக்காதீர்கள். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே ஓரத்தில் எழுதுங்கள்" என்றார். எழுதினேன்.

சில மாதம் கழித்து வெள்ளைச்சாமி வந்தார். விடுதலை உத்தரவில் நிபந்தனைகள் இருந்தன. மூன்றாண்டு திண்டுக்கல் டவுனிலேயே தங்க வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை என்னிடம் வந்து கையெழுத்திட வேண்டும். என் அனுமதி இல்லாமல் டவுனை விட்டுப் போகக் கூடாது. ஊருக்குள் கால் வைக்கக் கூடாது. இறந்தவரின் குடும்பத்தாரை அணுகக் கூடாது. மீறினால் மிச்ச தண்டனைக்குத் திரும்ப உள்ளே.

உயரமான ஆள். நரைத்த மீசை. வேலைக்குப் பேகம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு நடத்திய ஒரு ராவுத்தரைப் பிடித்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு யோசித்தார். "தோலுல ஒட்டியிருக்கிற சதைய வழிக்க ரெண்டு கைப்பிடி வச்ச கத்தி இருக்கு சார், இம்புட்டு நீளம். அத இவரு கையில குடுக்கலாமான்னு நீங்கதான் சொல்லணும்."

என் பயிற்சியில் அதற்குப் பதில் இல்லை. கடைசியில் ராவுத்தரே ஒரு வழி சொன்னார். வெள்ளைச்சாமியைத் தோல் பதனிட உதவும் ஆவாரம்பட்டையை இடிக்கப் போட்டார். ஐந்தாவது மாதம் நான் போனபோது அவர் அந்த நீளக் கத்தியோடு குனிந்து நின்று தோல் வழித்துக்கொண்டிருந்தார். "எப்பக் குடுத்தீங்க பாய்?" என்றேன். "கையில நல்ல நிதானம் சார். தோலு கிழியிறதில்ல" என்றார் ராவுத்தர்.

வெள்ளைச்சாமி எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டார். சினிமாவுக்குப் போகலாமா, மீசையை எடுக்கலாமா, வேறு தெருவில் முடிவெட்டிக்கொள்ளலாமா. ஒருநாள், "மலைக்கோட்டை மேல ஏறலாமா சார்? அது டவுனுக்குள்ளயா, வெளியவா?" என்றார். சன்னல் வழியாக எதிரே பாறை தெரிந்தது. நாள்தோறும் பார்த்தாலும், அது ஊருக்குள் இருக்கிறதா ஊருக்கு வெளியே இருக்கிறதா என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. நகராட்சியில் விசாரித்து, போகலாம் என்று சொன்னேன்.

எட்டு மாதம் போயிருக்கும். ஒரு மதியம் பொன்னுத்தாயி தனியாக மாடிப்படி ஏறி வந்தார்.

"வீராயி வாரம் ரெண்டு தடவ தூக்குவாளியோட பஸ் ஏறுறா. ஆளு இங்கதான இருக்கு? நான் எப்பக் கேக்கலாம்?"

மறுமுறை வெள்ளைச்சாமி கையெழுத்திட வந்தபோது இதைச் சொன்னேன். பேனாவை மேஜைமேல் வைத்தார். கையெழுத்துப் போடாமலே போகப் பார்த்தவரைக் கூப்பிட்டுப் போட வைத்தேன். அடுத்த முறை அவராகவே ஆரம்பித்தார்.

"சார், கோர்ட்டுல நான் அந்தப் பக்கமே போகலன்னு சொன்னேன். இப்பப் போனேன்னு சொன்னா, கேச மறுபடி எடுப்பாகளா?"

நான் பதில் சொல்லுமுன் தொடர்ந்தார். "அதுக்கு இல்லாட்டியும், பொய் சொன்னதுக்குன்னு தனியா ஒரு கேசு வருமா?"

பத்தாண்டில் அவர் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. ஜெயிலரிடம் இல்லை, மனைவியிடமும் இல்லை. முதன்முறையாக என்னிடம் ஒப்புக்கொண்டார், அதுவும் ஒரு சட்டக் கேள்வியாக. எனக்கோ சட்டப் பதில் தெரியவில்லை.

தெரிந்த வக்கீல் ஒருவர் சொன்னார். "ஒரு குத்தத்துக்கு ஒரு தடவதான்யா தண்டன. அரசியல் சாசனத்துலயே இருக்கு. குத்தவாளிக் கூண்டுல நிக்கிறவனுக்குச் சத்தியப் பிரமாணமும் கெடயாது. பொய் சொன்னான்னு அவன் மேல கேசு போட முடியாது." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா நிபந்தனைய மீறிட்டான்னு ஒரு வரி எழுதுனாப் போதும், ஆளு உள்ள. அத உங்க ஆபீசர்ட்டக் கேட்டுக்கங்க" என்றார்.

மதுரைக்குப் போனேன். மேலதிகாரி உத்தரவை எடுத்து, அந்த நிபந்தனையை வழக்கம்போல் வாய்விட்டுப் படித்தார். "'இறந்தவரின் குடும்பத்தாரை அணுகக் கூடாது.' யார் அணுகக் கூடாது?"

"வெள்ளைச்சாமி, சார்."

"அந்த அம்மா?"

"அவருக்கு நிபந்தனை எதுவும் இல்லை, சார்."

இன்னொரு முறை படித்தார். "நீங்கள் ஏன் இதைச் செய்ய நினைக்கிறீர்கள்?"

"அந்த அம்மா கேட்கிறார், சார்."

"அது மட்டும்தானா?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த முகத்தின் முன்னால் வரவில்லை. "எனக்கும் அது என்ன கேள்வி என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல இருக்கிறது, சார்."

"அந்த ஆளுக்கு விருப்பமா என்று கேட்டீர்களா?"

கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. வெள்ளைச்சாமியின் பயத்துக்குப் பதில் தேடி அலைந்தேனே தவிர, அவருக்கு விருப்பம் உண்டா என்று எனக்குத் தோன்றவில்லை.

"முதலில் அதைக் கேளுங்கள். சம்மதித்தால் பகலில், உங்கள் அறையில், நீங்களும் கூட இருக்க வேண்டும். தவறாக ஏதாவது நடந்தால் அவர் ஜெயிலுக்குப் போவார். நீங்கள் விளக்கம் எழுதுவீர்கள். நான் உங்களுக்கு முன்னால் எழுதுவேன்." என் குறிப்பைத் திருப்பிக் கொடுத்தார். அதில் நீலப் பென்சில் எங்கேயும் படவில்லை. வேண்டாம் என்றும் எழுதவில்லை, சரி என்றும் எழுதவில்லை.

வெள்ளைச்சாமியிடம் வக்கீல் சொன்னதைச் சொன்னேன். சந்திப்பது கட்டாயம் இல்லை, வேண்டாம் என்றால் விட்டுவிடுவோம் என்றும் சொன்னேன். பதினைந்து நாள் எடுத்துக்கொண்டார். பிறகு, "வரச் சொல்லுங்க சார்" என்றார்.

குறித்த நாளில் இரண்டு பெண்களும் ஒரே பஸ்ஸில் வந்தார்கள். வீராயிக்குக் கணவரைப் பார்க்க வரும் நாள் அது. ஆனாலும் மாடிக்கு வந்தது தனித்தனியாக. வீராயி உள்ளே வராமல் கதவை ஒட்டி நின்றார். வெள்ளைச்சாமி பெஞ்சின் ஓரத்தில் கையை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு இருந்தார். பொன்னுத்தாயி நாற்காலியில் உட்கார்ந்தார். வெள்ளைச்சாமியைப் பார்க்காமல், மேஜையைப் பார்த்துக் கேட்டார்.

"அன்னிக்கு மாட்ட யாரு அவுத்துக் கட்டுனது?"

ஏன் கொன்றாய், குழந்தைகளை நினைத்தாயா, இப்படித்தான் ஏதோ கேட்பார் என்று நான் எண்ணியிருந்தேன். மாடு எங்கிருந்து வந்தது என்று ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு நினைவுக்கு வந்தது. அந்தக் காலத்தில் கமலை இறவை. இரண்டு மாடுகள் வடத்தை இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கினால் கிணற்றிலிருந்து தண்ணீர்ச் சால் மேலே வரும். இராமசாமி இறைத்துக்கொண்டிருந்தபோதுதான் சண்டை வந்திருக்கிறது.

கீழே கடையில் அரிசி அளக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"நாந்தேன்" என்றார் வெள்ளைச்சாமி.

"அவுக இல்லயா?"

"அவன் எந்திரிக்கல தாயி. கெடந்தவாக்குல சொன்னான். 'மாடு சரிவுல நிக்கிதுண்ணே, அவுத்து விடு'ன்னான்." இடுக்கியிருந்த கையை எடுத்துப் பெஞ்சில் ஊன்றிக்கொண்டார். "சாலு பாதிக் கெணத்துல தொங்குச்சு. மாடு ரெண்டும் பாரத்தத் தாங்கிக்கிட்டு நின்னுச்சு. சால எறக்கிவிட்டு, அவுத்துக் கொண்டுபோயி வேம்புல கட்டுனேன். திரும்பி வந்தா பேச்சு இல்ல. அப்புறந்தேன் ஓடுனேன்."

"என்னயக் கூப்புட்டாகளா?"

"இல்ல."

"சத்தம் எதுவும் போட்டாகளா?"

"சத்தம் வரல தாயி. எனக்கே குனிஞ்சாத்தான் கேட்டுச்சு."

பொன்னுத்தாயி கண்ணை மூடினார். பிறகு என் பக்கம் திரும்பினார். அவர் பேசியது என்னிடம்தான்.

"நான் அடுத்த காட்டுலதான் சார் களை எடுத்துக்கிட்டு இருந்தேன். காத்து எதுத்து அடிச்சுச்சு. ஆடு மேச்சவரு வந்து சொல்லி ஓடிப் பாத்தா, மாடு ரெண்டும் மரத்துல கட்டிக் கெடக்கு. அவுக கெணத்தோரமாக் கெடக்காக. அவுகதான் அவுத்துக் கட்டிட்டு வந்து விழுந்துட்டாகன்னு நெனச்சேன். மாட்ட அவுக்கத் தெம்பு இருந்த மனுசனுக்குக் கூப்புடத் தெம்பு இருந்திருக்கும்ல? கூப்புட்டுத்தான் இருப்பாக, பாவி எனக்குத்தான் கேக்கலன்னு..." அதற்கு மேல் சொல்லாமல் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். தலைப்பை எடுத்துவிட்டு, "அப்ப, எனக்குக் கேட்டுருக்காது" என்றார்.

"கேட்டுருக்காது தாயி" என்றார் வெள்ளைச்சாமி. தரையைப் பார்த்தபடியே, "தாயி, நான் உனக்கு..." என்று தொடங்கினார்.

பொன்னுத்தாயி கையை உயர்த்தினார். "அத எங்கிட்டச் சொல்ல வேணாம். நான் கேக்க வந்தது ஒண்ணுதேன்."

எழுந்தார். கதவருகே வீராயி புடவையை இறுக்கிக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டார். பொன்னுத்தாயி இரண்டு படி இறங்கினார். திரும்பிப் பார்க்காமல், "அக்கா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார்.

வீராயி என்னைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். தூக்குவாளியைப் பெஞ்சில் வைத்துவிட்டு அவசரமாக இறங்கிப் போனார்.

அடுத்த மாதம் மேலதிகாரி அறிக்கையைப் படித்தார். ஒரு சொல்லையும் அடிக்கவில்லை. "அந்த ஆள் சொன்னதை நம்புகிறீர்களா?" என்று மட்டும் கேட்டார். கோர்ட்டில் பொய் சொன்னவர், இங்கேயும் அந்த அம்மாவின் மனம் ஆறட்டும் என்று ஒரு கதை கட்டியிருக்கலாம் அல்லவா? எனக்கும் அந்த எண்ணம் வந்து அரித்துக்கொண்டுதான் இருந்தது.

கோர்ட் ஆவண அறையில் அனுமதி வாங்கி, வழக்கின் முழுக் கட்டையும் எடுத்துப் பார்த்தேன். முன்பு நான் படித்தது தீர்ப்பை மட்டும். கட்டின் நடுவில் டாக்டரின் சாட்சியம் ஆங்கிலத்தில் இருந்தது. அடிபட்டவர் சிறிது நேரம் உயிரோடு இருந்திருப்பார், ஒன்றிரண்டு சொல் பேசியிருக்கலாம், ஆனால் எழுந்து நடந்திருக்க முடியாது, உரக்கக் கத்தியிருக்கவும் முடியாது. குறுக்கு விசாரணையில் ஏதோ ஒரு கேள்விக்கு வந்த பதில். தீர்ப்பில் அதற்குத் தேவை இருக்கவில்லை, அதனால் ஏறவில்லை.

பொன்னுத்தாயி பத்தாண்டு சுமந்த கேள்விக்குப் பதில், எரியோட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில், பீரோவில் இருந்திருக்கிறது. அவரும் அதே வழக்கில் சாட்சி சொன்னவர்தான். கோர்ட்டில் அவரிடம் நிறையக் கேட்டார்கள். உனக்கு ஏதாவது தெரிந்துகொள்ள வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. முதல்முறை போனபோது நானும் 'உண்டா, இல்லையா' என்றுதான் கேட்டேன். ஊருக்குப் போய் டாக்டர் சொன்னதைத் தமிழில் சொன்னேன். "சரிதான்" என்றார். அவர் ஏற்கெனவே நம்பிவிட்டிருந்தார். பிறகு, வெள்ளைச்சாமி ஊருக்கு வருவதில் தனக்குத் தடை இல்லை என்று எழுதிக்கொள்ளச் சொல்லி ரேகை வைத்தார். "வீராயி எத்தன நாளைக்குத் தூக்குவாளியத் தூக்கிட்டு அலைவா?" என்றார். நிபந்தனையைத் தளர்த்தும்படி எழுதிப் போட்டேன். 'பரிசீலனையில் உள்ளது' என்ற பதில் வருவதற்குள் மூன்றாண்டும் முடியும் தறுவாய்க்கு வந்துவிட்டது.

கடைசி நாளன்று வெள்ளைச்சாமி வழக்கமான நேரத்துக்கு வந்து, வழக்கமான இடத்தில் கையெழுத்திட்டார். கண்காணிப்பு முடிந்தது என்ற தாளைக் கொடுத்தேன். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமே தவிர, படிக்கத் தெரியாது. நானே படித்துக் காட்டினேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். போகவில்லை.

"இனிமே எங்கயாச்சும் போகணும்னா யார்ட்ட சார் சொல்லிட்டுப் போறது?"

"யார்ட்டயும் சொல்ல வேண்டியதில்ல."

"எங்க போனாலுமா?"

"எங்க போனாலும்."

அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாதவர்போல் சற்று நேரம் நின்றார். பத்தும் மூன்றும் பதின்மூன்று ஆண்டு, சொல்லாமல் ஓர் அடி எடுத்து வைத்திராத மனிதர். பிறகு படி இறங்கும் சத்தம் கேட்டது. பாதியில் நின்றது. திரும்பி ஏறி வந்து, கதவுக்கு வெளியே நின்றபடியே தலையை மட்டும் உள்ளே நீட்டினார்.

"எரியோட்டுக்குப் போய்ட்டு வாரேன் சார்" என்றார்.

"சரி, போய்ட்டு வாங்க" என்றேன்.